படுவான்கரையில் ஜெயரூபனின் வரி

மட்டக்களப்பு வாவியை மோட்டார் சைக்கிளோடும் மூட்டையோடும் கடக்கிற மிதவைக்கு அங்கே ‘பாதை’ என்று பெயர். இரும்புத் தொட்டிகளின் மேல் பலகை அடித்து, இரு பக்கமும் கம்பி கட்டி, ஓரத்தில் ஒரு மோட்டாரைப் பூட்டியிருப்பார்கள். நான் முதலில் ஏறிய பாதை நடு வாவியில் நின்றுவிட்டது. மோட்டாரில் ஆற்றுவாழை சுற்றிக்கொண்டதாம். நம் ஊர்க் குளங்களில் மண்டுகிற ஆகாயத்தாமரையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஓட்டுகிறவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கினார். மற்றவர்கள் அவரவர் வண்டிமேல் உட்கார்ந்து யோசனை சொன்னார்கள்.

“முதலை இருக்குமா?” என்று கேட்டேன்.

“இரிக்கும் மனே. ஆனா இது அதுக்குச் சோத்து நேரம்” என்றார் பக்கத்தில் இறால் கூடையோடு நின்ற அம்மா. ‘மகனே’ அங்கே ‘மனே’ ஆகிவிடுகிறது.

“அப்போ நாமதானே சோறு?”

பாதை முழுக்கச் சிரித்தது. தண்ணீரில் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தியாவா, என்ன வேலை என்று கேட்டார். போனில் பணம் அனுப்பச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

“சல்லி அனுப்பப் படிப்பிக்க ஆள் வந்திட்டுது. சல்லிய ஆரு அனுப்புற?” என்று பொதுவாகக் கேட்டார். சல்லி என்றால் காசு. அதற்கும் சிரித்தார்கள். அவர் பெயர் பூரணம், நான் போகிற ஊர்தான் என்று, படுவான்கரை என்கிற மேற்குக் கரையில் இறங்கும்போது தெரிந்தது. எல்லாரும் அவரை மாமி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்தால் விளங்கும்.

நான் போன வேலை இது. அங்குள்ள ஓர் அரசு அலுவலகம் சில கிராமங்களில் டிஜிட்டல் காசைச் சோதனையாக விட்டிருந்தது. தாள் கிடையாது, வங்கிக் கணக்கும் தேவையில்லை. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் போனுக்குள் ஒரு பணப்பை திறக்கும். அதிலுள்ள ஒவ்வொரு ரூபாயும் யாரிடமிருந்து யாருக்கு எதற்காகப் போனது என்ற தகவலைச் சுமந்துகொண்டே போகும். செயலியைச் செய்து கொடுத்தது சென்னையில் என் கம்பெனி. மொழி ஒன்றுதானே என்று என்னை அனுப்பினார்கள்.

நான் இந்த வேலையை விரும்பிச் செய்தவன். வேதாரண்யம் பக்கம் உப்பளக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவின் முதியோர் பணத்துக்காக ஒவ்வொரு மேசையிலும் லஞ்சம் வைத்தோம். ஒரு மேசைக்காரராவது ரசீது கொடுத்திருப்பாரா? காசு பேச ஆரம்பித்தால், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனேன் என்று அதுவே சொல்ல ஆரம்பித்தால், அப்பா மாதிரி ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். உப்பு அரித்து ரேகை தேய்ந்த அப்பாவின் கட்டைவிரலை ரேஷன் கடை எந்திரம் ஏற்க மறுத்தபோதும், அது எந்திரத்தின் குறை, எண்ணத்தின் குறை இல்லை என்றுதான் சொன்னேன்.

ஊரில் அம்மன் கோயில் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. நாம் திருவிழா என்பதை அங்கே சடங்கு என்கிறார்கள். கோயிலை நடத்துகிறவருக்கு வண்ணக்கர் என்று பட்டம். அப்போதைய வண்ணக்கர் ஓய்வுபெற்ற தபால்காரர். வெற்றிலை போட்டுக்கொண்டு அளந்து பேசுவார். முந்தின நிர்வாகம் வரிக்காசைத் தின்றுவிட்டது என்று ஊரே இரண்டுபட்டிருந்தது. “ஆர் கட்டின, எவ்வளவு கட்டின, எதுக்குச் செலவழிச்ச எண்டு எல்லாருக்கும் தெரியணும் தம்பி. அதுக்குத்தான் உங்கட போன் சல்லிக்கு ஓம் சொன்ன” என்றார். அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது எனக்கு.

வந்த அன்று கோயில் மண்டபத்தில் தங்கினேன். மறுநாள் காலைக்குப் பிட்டும் இறால் சொதியும் வந்தன. நம் புட்டைவிட இது உதிரி. சொதியை ஊற்றினால் மணல் போல உறிஞ்சும். அதன் மேல் எருமைத் தயிர் ஊற்றி வாழைப்பழமும் பிசைந்து இன்னொரு சுற்று. ‘காணும்’ என்று, அதாவது போதும் என்று, சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். ஆகவே பயிற்சி வகுப்பில் ஆசிரியர்தான் முதலில் கொட்டாவி விட்டார்.

வகுப்பில் பெண்கள்தான் அதிகம். அங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில் போகிறது. பிள்ளை தாயின் குடி. குடியில் வயதுக்கு வந்த ஆண் ஒவ்வொருவருக்கும் வரி உண்டு. சடங்கின் கடைசி நாள் பகல் பூசையில் வண்ணக்கர் குடி குடியாகப் பெயர் கூப்பிடுவார். வரி கட்டினவர் எழுந்து போய்ப் பிரசாதப் பங்கை வாங்குவார். வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருந்தால் தாய் வாங்குவாள்.

“காசு எதுக்காகன்னு ஒரு கட்டம் வரும். அதுல உண்மையை எழுதுங்க. மறைக்க எதுவும் இல்லாதவங்களுக்கு இது காவல்” என்றேன். எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று மனசாரச் சொன்னேன்.

பூரணம் மாமி கை தூக்கினார். “மகன்ட வரிய நான்தான் கட்டுற. அப்ப ஆர்ட பேரப் போடுற?”

“யாருடைய வரியோ அவர் பேர்தான் மாமி. ‘சார்பில்’னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அவர் அட்டை எண்ணும் கேட்கும்.”

மாமி மூச்சு விடாமல் எண்ணைச் சொன்னார். நான் தட்டினேன். கடைசி எழுத்து ஆங்கில வி. பழைய அட்டை. பெயர் ஜெயரூபன். பணம் போய்ச் சேர்ந்த பச்சை அடையாளம் வந்தது. மாமி அந்தப் பச்சையை வெகு நேரம் பார்த்தார்.

“எப்படி மாமி நம்பரை இவ்வளவு சரளமா சொல்றீங்க? எனக்கு என் நம்பரே தெரியாது.”

பின்னால் இருந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அவ அத எத்தின கந்தோர்ல சொல்லியிரிப்பா.” அலுவலகத்தை அங்கே கந்தோர் என்பார்கள்.

சண்டைக் காலத்தில் அறுவடைக் கூலி வாங்கப் போன பையன் திரும்பவில்லை. முகாம், பொலிஸ், ஆணைக்குழு என்று மாமி போகாத இடமில்லை. எங்கும் முதலில் அட்டை எண்ணைத்தான் கேட்பார்களாம். எங்கும் பதில் இல்லை. ஒவ்வொரு வருடமும் அவனுக்கு வரி கட்டுகிறார். வண்ணக்கர் பெயர் கூப்பிடுகிறார். மாமி போய்ப் பங்கை வாங்குகிறார். வரி கட்டுகிறவன் செத்தவன் இல்லை. செத்தவனுக்கு வரி இல்லை. ஊர் அதை ஒருபோதும் கேள்வி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. வாவியின் கிழக்குக் கரைக்கு வந்து காத்தான்குடிக்குப் போனேன். ஓட்டோக்காரர் நியாஸ் நானா. அண்ணனை அங்கே முஸ்லிம்கள் நானா என்பார்கள். தங்கைக்குச் சேலை வாங்கணும் என்றதும் தன் மச்சான் கடைக்குத்தான் கொண்டுபோனார். ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் மூடத் தொடங்கியிருந்தன. மச்சான் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விலை பேசினார். சேலை நல்ல சேலைதான். காஞ்சிபுரம் என்று சத்தியம் செய்தார். “நானே அந்தப் பக்கத்துலேருந்துதான் வரேன்” என்றேன். “அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும்” என்றார், கண்ணிமைக்காமல்.

தொழுகை முடிந்து நானா பால் சேர்க்காத பிளேன்டீ வாங்கித் தந்தார். கடையில் கியூஆர் அட்டை தொங்கியது. அவர் தாளாகத்தான் கொடுத்தார்.

“ஏன் நானா? ஈஸிதானே?”

“கத்தார்ல இரிக்கிற தம்பி பள்ளிவாசல் தண்ணித் தொட்டிக்குச் சல்லி அனுப்பின. தொட்டி எண்டு எழுதித்தான் அனுப்பின. எந்தத் தொட்டி, ஏன் தொட்டி, தொட்டிக்குள்ள என்ன எண்டு என்னக் கந்தோருக்குக் கூப்பிட்டுக் கேட்டாங்க. தண்ணி, சேர் எண்டன். நம்பல்ல. ஆள் வந்து மூடியத் திறந்து பாத்திட்டுத்தான் போன.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

“நேர்மையா இருந்தா பயம் எதுக்கு நானா?”

“நேர்மை நம்மட பக்கத்தில மட்டும் இரிந்தா அதுக்குப் பேர் நேர்மை இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் அதை ஒரு முஸ்லிம் ஓட்டோக்காரரின் கசப்பு என்று எடுத்துக்கொண்டேன். அனுதாபப்பட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் ஊர் திரும்பியபோது வண்ணக்கர் துறையிலேயே நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. கோயில் பணப்பை பூட்டிக்கொண்டுவிட்டது. ஊர் கட்டிய மொத்த வரியும் உள்ளே. பந்தல்காரர், மேளகாரர், அரிசிக்கடை, யாருக்கும் அனுப்ப முடியவில்லை. திரையில் ஒரே வரி: ‘விளக்கம் கோரப்பட்டுள்ளது.’

மண்டபத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர்தான் பேசினார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. எந்தக் கந்தோர் என்று சொல்லவில்லை. வண்ணக்கரும் கேட்கவில்லை. முன்னால் பூரணம் மாமி நின்றார். இறால் வாசம் போகாத கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அம்மா, இந்த அட்டை எண் இத்தின வருசம் எங்கயும் பாவிக்கப்படல்ல. இப்ப இயங்குது. ஆள் எங்க?”

மாமி அவரையே பார்த்தார். “இயங்குதா?”

“கோயிலுக்குச் சல்லி கட்டியிரிக்கி.”

“அது நான்தான் சேர் கட்டின. இந்தத் தம்பிதான் தட்டின.”

நான் முன்னால் வந்தேன். ஆமாம், நான்தான் அப்படி எழுதச் சொன்னேன், தவறு என்னுடையது என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“தம்பி, உங்கட விசாவில பயிற்சி எண்டு இரிக்கி. சாட்சி எண்டு இல்ல” என்றார் சிரித்தபடி. மற்றவர் என் கடவுச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டார்.

மாமி நாங்கள் பேசியதைக் கேட்கவே இல்லை. ஒரு அடி முன்னால் வந்தார். “சேர், இந்தக் கொம்பியூட்டர் எல்லாத்தையும் பாக்கும்தானே? நான் கட்டினதயே பாத்திட்டுது. அப்ப இவன் வேற எங்கயும் ஏதும் வாங்கியிரிக்கானா எண்டு ஒருக்காப் பாருங்க. கொழும்பில, எங்கயாவது. ஒரு சோடா வாங்கியிரிந்தாலும் காணும்.”

கட்டம் போட்ட சட்டைக்காரர் குனிந்து தன் போனைப் பார்த்தார். “அது எங்களுக்கு அனுமதி இல்ல அம்மா.”

“நீங்க கேக்கிறத்துக்கு அனுமதி இரிக்கி. நான் கேட்டாத்தான் இல்லையா?”

அவர் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். கோபப்படவில்லை. பழக்கப்பட்ட அமைதி அது. எத்தனை தாய்மாரிடம் பழகியதோ.

விளக்கம் கொடுத்தால் பணப்பை திறக்கும் என்றார். விளக்கப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் கம்பெனி செய்த பக்கம்தான், நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டே தெரிவுகள்: ‘உரியவர் மரணமடைந்தவர்’, ‘ஆள்மாறாட்டம்’. மூன்றாவது இல்லை.

வெளியே போய்ச் சென்னைக்குப் பேசினேன். காணாமல் போனவர் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், கெஞ்சினேன். “அது கிளையண்ட் கொடுத்த லிஸ்ட்டுப்பா. நம்மளா சேர்த்தா அரசியல் ஆயிடும். நீ பத்திரமா வந்து சேரு” என்றார் மேலாளர். நல்ல மனிதர். என் தங்கை கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்.

உள்ளே வண்ணக்கர் மாமியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். “முதலாவதப் போடு பூரணம். கட்டத்தில போட்டா செத்திருவானா? ஊர்ச் சடங்கு நிண்டு போகும்.”

“நீங்கதானே வருசா வருசம் அவன்ட பேரக் கூப்பிடுற?”

“ஓம், நான்தான்.”

“செத்தவன் எண்டு எழுதிட்டு மறுகா எந்த வாயால கூப்பிடுவீங்க?”

வண்ணக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி என்னிடம் வந்தார். “மற்றது என்ன மனே?”

ஆள்மாறாட்டம் என்றால் வேறொருவர் பெயரில் ஏமாற்றுவது என்று விளக்கினேன். அதைப் போட்டால் மாமியின் எண் முடக்கப்படும். பணப்பை போகும். அதன் வழியே வருகிற அரசு உதவிப் பணமும் போகும். வழக்கும் வரலாம். கட்டம் போட்ட சட்டைக்காரரும் இதையே இன்னொரு முறை, இன்னும் மரியாதையாகச் சொன்னார்.

“அதப் போடு.”

“மாமி, நீங்க ஏமாத்தலையே.”

“நான் கள்ளி எண்டு எழுது. அவன் செத்தவன் எண்டு மட்டும் எழுதாத. கள்ளிக்கும் மகன் இரிப்பான்தானே? அவன்ட பேரக் கூப்பிட்டாக் காணும் எனக்கு.”

தட்டினேன். பச்சை அடையாளம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோயில் பணப்பை திறந்தது. வந்தவர்கள் பிளேன்டீ குடித்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் சடங்குக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்களில் பயிற்சியை நடத்தத்தான் செய்தேன். ஒப்பந்தம் அப்படி. வகுப்புக்கு வந்தவர்கள் ‘எதற்காக’ என்ற கட்டத்தில் எல்லாம் ‘அரிசி’ என்றே எழுதினார்கள். மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்ததும் அரிசி, பெண்ணுக்குத் தோடு எடுத்ததும் அரிசி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் திருத்தவில்லை. கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையில், மக்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள் என்று எழுதினேன். அதிலும் பொய் இல்லை.

மாமி வகுப்புக்கு வரவில்லை. இறால் விற்ற இடத்தில் பார்த்தேன். வாங்குகிற வியாபாரி போனில்தான் கொடுப்பேன் என்றதால், பக்கத்து வீட்டுக்காரியின் போனில் வாங்கி, அவளிடம் கைக்காசாக மாற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “தின்னயா மனே?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

கடைசி நாள் பகல் பூசை. வேப்பிலையும் கமுகம்பூவுமாகக் கோயில் மணத்தது. உடுக்கை நின்றதும் கூட்டம் குடி குடியாக உட்கார்ந்தது. நம் பக்கத்துத் திருவிழா மாதிரி ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு இல்லை. அந்த அமைதி எனக்குப் புதிது. கட்டம் போட்ட சட்டைக்காரர் சொன்னபடி வந்திருந்தார். அன்று சட்டை இல்லை. எல்லாரையும் போல வேட்டியோடு, வெறும் மார்போடு, தூணோரம் கைகூப்பி நின்றார். பக்தியாகத்தான் நின்றார்.

வண்ணக்கர் பெயர் கூப்பிட எழுந்தார். அவருக்குப் பட்டியல் வேண்டாம், ஊரே மனப்பாடம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று கையில் போனை வைத்திருந்தார். வரி கட்டினவர்களின் பட்டியலைச் செயலியே கொடுக்கும். அதையும் நான்தான் காட்டிக்கொடுத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து வாசித்தார். பெயர் கேட்டவர்கள் எழுந்து போனார்கள், வந்தார்கள்.

பூரணம் மாமியின் குடி வந்தது. மாமி மஞ்சள் சேலை கட்டியிருந்தார். வெற்றிலைத் தட்டை மடியில் வைத்திருந்தார். தன் அண்ணன் பெயர் வந்ததும் நிமிர்ந்தார். அடுத்தது ஜெயக்குமார், அக்காவின் மகன். ஜெயக்குமார் பங்கோடு திரும்பி வருவதற்குள், தட்டை எடுத்துக்கொண்டு மாமி எழுந்து நின்றுவிட்டார்.

வண்ணக்கர் திரையைப் பார்த்தார். ஆள்மாறாட்டம் என்று நான் தட்டிய வரி அந்தப் பட்டியலில் இருக்காது. பிறகு கண்ணாடிக்கு மேலாக மாமியைப் பார்த்தார். அவர் உதடு ஒருமுறை அசைந்தது, நான் பார்த்தேன். அவர் கண் தூண் பக்கம் போய்த் திரும்பியது. கட்டைவிரலால் திரையைத் தள்ளினார்.

“தவராசா.”

யாரும் நிமிரவில்லை. அத்தனை பேருக்கும் அந்த வரிசை தெரியும். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தவராசா எழுந்தார், தயங்கினார், பிறகு மாமியைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் பங்கை வாங்கி வந்தார்.

மாமி உட்காரவில்லை. வாசிப்பு அடுத்த பெயர், அடுத்த பெயர் என்று போய்க்கொண்டே இருந்தது. குடி முடிந்து அடுத்த குடியும் தொடங்கிவிட்டது. அவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.